மாரடைப்பும் மருத்துவ ஆய்வும்

அரசாங்க மருத்துவமனை ஒன்றின் இருதய நோய்ப் பிரிவில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். உடல்நலம் குறித்து ஒரு கட்டுரை எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். உணவு, உடற்பயிற்சி, சர்க்கரை நோய் ஆகியவை பற்றி முன்பே பலரும் எழுதியுள்ளனர். ஆகவே, நம் அன்பர்கள் அதிகம் அறியாத, ஆனால் அவசியம் அறிய வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதுதான் மருத்துவ ஆய்வு.

"மிஸ்ஸி, ஏதோ ஆய்வில் சேரச் சொல்லி டாக்டர் கையெழுத்துக் கேட்கிறார். எங்கள் அப்பாவை வைத்துச் சோதனை பண்ணிப் பார்க்கிறார்களா?" நோயாளிகளின் குடும்பத்தார் என்னிடம் பலமுறை கேட்ட கேள்வி இது. அவர்களுடைய அச்சம் இயற்கையானது. ஆனால், இன்று மாரடைப்பு வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள் என்றால், முன்னொரு காலத்தில் முன்பின் அறியாத பலர் அப்படிக் கையெழுத்திட்டதும் அதற்கு ஒரு காரணம்.

மாரடைப்பு என்பது என்ன?

இருதயம் ஒரு தசை. அதற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவில் வெடிப்பு ஏற்படுகிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள தசைக்கு இரத்தம் கிடைப்பதில்லை. நேரம் ஆக ஆக அத்தசை மடிகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், எந்த மருந்து உயிரைக் காக்கும் என்பது மருத்துவர்களுக்கே உறுதியாகத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகினேஸ் என்னும் மருந்து உண்டு. அது நன்மை தரும் என்றனர் சிலர். இரத்தக் கசிவை உண்டாக்கிக் கெடுதல் செய்யும் என்றனர் வேறு சிலர். தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரை இருதயத்தைக் காக்குமா என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது.

திருவுளச் சீட்டு முறை

இதற்கு விடை காண்பது எப்படி? மருந்து உண்டவர் பிழைத்தார் என்பது மட்டும் சான்றாகாது. மருந்து இல்லாமலே அவர் பிழைத்திருக்கலாம். மருத்துவர் தாமே ஆள் பார்த்துக் கொடுத்தாலும் பயனில்லை. தெம்பாக இருப்பவருக்கே புது மருந்தைக் கொடுக்க மனம் சாயும். ஆகவே, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லா மாத்திரை என்பதை மனிதர் எவரும் தீர்மானிக்காமல், திருவுளச் சீட்டு எடுப்பதுபோல் குலுக்கல் முறைக்கு விட்டுவிடுகிறார்கள். இரு குழுவினரும் மற்ற எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் அமைந்துவிடுவர். முடிவில் காணும் வேறுபாடு பெரிதாக இருந்தால், அது மருந்தினால் வந்தது என்று துணியலாம்.

இம்முறையில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டோ, ரோரி காலின்ஸ், பீட்டர் ஸ்லைட் ஆகியோர் ஓர் அனைத்துலக ஆய்வை நடத்தினர். 16 நாடுகள், 417 மருத்துவமனைகள், மாரடைப்பு என்று ஐயுற்ற 17,187 நோயாளிகள். முடிவு 1988ஆம் ஆண்டு வெளிவந்தது. இரு மருந்தும் பெறாத 4,300 பேரில் ஐந்து வாரங்களுக்குள் இருதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 568 பேர். இரண்டையும் பெற்ற 4,292 பேரில் இறந்தவர்கள் 343 பேர். அதாவது நூற்றுக்கு 13 என்றிருந்த மரணம் 8 ஆகக் குறைந்தது. ஆஸ்பிரின் மட்டுமே பெற்றவர்களுக்கும் தெளிவான பயன் கிடைத்தது. சில காசு விலையுள்ள மாத்திரை உலகெங்கும் மாரடைப்புச் சிகிச்சையில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

இன்று, வசதியுள்ள மருத்துவமனைகளில் பலூன் கொண்டு அடைப்பை உடனே திறக்கிறார்கள். அதற்கு நேரம் போதாத இடங்களில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இன்னும் பயன்படுகிறது. ஆஸ்பிரின் இரண்டிலும் தொடர்கிறது.

ராசி பார்த்த ஆய்வாளர்கள்

இந்த ஆய்வில் சுவையான செய்தி ஒன்று உண்டு. இன்னாருக்குப் பயன் எப்படி, அன்னாருக்கு எப்படி என்று நோயாளிகளைச் சிறு சிறு பிரிவுகளாக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதன் அபாயத்தைக் காட்ட ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்தனர். மிதுனம், துலாம் ஆகிய இரு ராசியினருக்கு ஆஸ்பிரினால் பயன் இல்லை, சற்றுக் கெடுதல்கூட என்று கணக்கு வந்தது! மற்ற ராசியினருக்கோ மிகுந்த நன்மை.

இது மேல்நாட்டார் பிறந்த தேதியைக் கொண்டு கணிக்கும் சூரிய ராசி. நாம் பார்க்கும் சந்திர ராசி அன்று. எதுவாயினும் ராசிபலன் சொல்வது அவர்கள் நோக்கமன்று. கூட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தற்செயலாக வருவதும் உண்மைபோல் தோன்றும் என்பதையே அவர்கள் காட்டினர். ஆயிரக்கணக்கானோர் ஆய்வில் சேர வேண்டியிருப்பது இதனால்தான். "பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த வேர் கேட்டது, நீங்களும் சாப்பிடுங்கள்" என்பவரிடம் நாம் நினைவில் கொள்ள வேண்டியதும் இதுவே.

நல்லது என்று நம்பியது நஞ்சான கதை

ஆய்வு எப்போதும் புது மருந்தைப் புகழ்வதில்லை. மாரடைப்புக்குப் பின் சிலருக்கு இருதயத் துடிப்பு தாறுமாறாகும். அதை அடக்கினால் திடீர் மரணம் தடுக்கப்படும் என்று மருத்துவர்கள் நம்பினர். அமெரிக்காவில் நடந்த ஆய்வில் என்கைனைட், ஃபிளெகைனைட் என்னும் இரு மருந்துகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆனால், அவற்றைப் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். மருந்தில்லா மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989இல் அம்மருந்துகளைக் கொடுப்பது ஆய்வில் நிறுத்தப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்கும் குழு இல்லாதிருந்தால், ஒவ்வொரு மரணத்தையும் நோயின் கணக்கில் எழுதியிருப்போம்.

பேச முடியாதவரிடம் சம்மதம்

1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வின் தேவையைவிட நோயாளியின் நலனே முதன்மை என்னும் நெறியை உலக மருத்துவர்களுக்கு வகுத்தது. விளக்கம் கேட்டறிந்து தாமாகத் தரும் சம்மதம் அதன் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால், இருதயம் நின்று விழுந்து கிடப்பவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது?

2014 முதல் 2017 வரை பிரிட்டனில் இக்கேள்வி எழுந்தது. இருதயம் நின்றவர்களுக்கு அட்ரினலின் ஊசி போடுவது நெடுநாளைய வழக்கம். அது நன்மையா என்று 8,014 நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு முதலில் சிகிச்சை தரப்பட்டது. பிழைத்தவரிடமோ அவர் சார்பில் முடிவெடுப்பவரிடமோ பின்னர் விளக்கிச் சம்மதம் கேட்கப்பட்டது. ஊசி பெற்றவர்களில் 30 நாளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 3.2, பெறாதவர்களில் 2.4. ஆனால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், ஊசி பெற்ற குழுவில் நூற்றுக்கு 31. மற்றக் குழுவில் 17.8. உயிர் மட்டும் போதுமா, எந்த நிலையில் உயிர் என்பதைக் குடும்பங்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்பதை இந்த ஆய்வு நமக்கு உணர்த்துகிறது.

நமக்கு இதில் என்ன?

2007இல் வெளிவந்த ஓர் அனைத்துலக ஆய்வில், இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாட்டினருக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வந்தது. மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59 வயதில். நம் மூதாதையர் அங்கிருந்து வந்தவர்கள். நம்மவர்கள் ஆய்வுகளிலிருந்து ஒதுங்கி நின்றால், மற்றவர்களின் உடலில் கண்ட முடிவையே நம் உடலுக்கும் பொருத்திக்கொள்ள நேரும்.

அதற்காகக் கண்ணை மூடிக் கையெழுத்திடச் சொல்லவில்லை. நெறிமுறைக் குழு இதை அனுமதித்துள்ளதா? வழக்கமான சிகிச்சை எனக்குத் தடையின்றிக் கிடைக்குமா? என்ன கெடுதல் நேரலாம்? நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? நடுவில் விலகலாமா? இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். விளங்காவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது.

இறுதியாக, எல்லோர் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 1986இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ட்ரெப்டோகினேஸ் பெற்றவர்களில் மரணம் நூற்றுக்கு 8.2, அதே நேரத்தில் வந்தும் அதைப் பெறாதவர்களில் 15.4. தாமதம் கூடக்கூட இந்த நன்மை குறைந்தது. ஆகவே, நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால், வாயுத் தொல்லை என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். மகன் வேலை முடிந்து வரட்டும் என்றும் இருக்க வேண்டாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் இரத்தக் கசிவு உள்ளவர்களும் இருப்பதால், அதைத் தாமாக விழுங்காமல், தொலைபேசியில் பேசுபவரைக் கேட்டுச் செய்யுங்கள்.