யானை வந்தது, அங்குசம் எங்கே?

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா என்று நம்மவர் கேட்பதுண்டு. ஆனால், யானையை விற்றவனே அங்குசத்தை வேறாக எடுத்து வைத்துக்கொண்டால் வாங்கியவன் என்ன செய்வான்? வேடிக்கைபோலத் தோன்றும் இவ்வினா, சென்ற ஆண்டு எமது கல்லூரிப் புகைப்படக் கழகத்துக்கு உண்மையாகவே எழுந்தது. பட்ட பாட்டை மறைப்பதிலும் பார்க்க நாலுபேர் அறியச் சொல்வதே பயன் தருமெனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

கழகத்துக்கென ஒரு கமரா வாங்குவதற்கு மாணவர்கள் ஓராண்டு காலமாகப் பணஞ் சேர்த்தனர். கல்லூரிக் கண்காட்சியிலே குளிர்பானம் விற்றனர். தத்தம் கைச்செலவுக் காசைத் தந்தனர். ஒரு மாணவன் துவிச்சக்கரவண்டிக்குப் புது ரயர் வாங்க வைத்திருந்த பணத்தையே கொடுத்துவிட்டான். எனினும், கொழும்பிலுள்ள முகவர் சொன்ன விலைக்குச் சேர்ந்த தொகை போதவில்லை. அதே கமராவை ஹொங்கொங் வணிகர் ஒருவர் இணையக் கடையிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்து விற்றார். "ஓராண்டு உத்தரவாதம்" என்ற வாசகமும் அங்கே இருந்தது.

"பழுதுபட்டால் யாரிடம் கொண்டுபோவீர்?" என்று ஆசிரியர் அறையிலே மூத்த நண்பர் ஒருவர் கேட்டார். அவர் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு விலைகளையும் கரும்பலகையில் எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டி, "சிக்கனம் என்பது இதுதான், தம்பிமாரே" என்று போதித்தவன் நானே.

மூன்று வாரங்களில் பொதி வந்தது. சுங்கத் தீர்வை செலுத்தி மீட்டோம். திறந்து பார்த்தபோது கமராவும் வில்லையும் இருந்தன. ஆனால், தோற்பட்டி இல்லை. மின்கலம் கமராவைச் செய்த நிறுவனத்தினுடையதன்று. மின்னேற்றியின் முனைகள் இரண்டு தட்டைத் தகடுகள். எமது சுவரிலுள்ள சதுரமுனைத் துளைகளில் அவை நுழையா. உத்தரவாதப் பத்திரத்திலே கடையின் முத்திரையுமில்லை, தேதியுமில்லை. பிள்ளைகளின் ஆரவாரத்தில் இவையெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை.

நான்காம் மாதம், விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாளிருக்கையில், கமராவின் திரை இறுகி நின்றுவிட்டது. கொழும்பு முகவர் தொடரிலக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எங்கள் வழியாக வந்த கருவியன்று" எனப் பணிவாகத் திருப்பித் தந்தார். ஹொங்கொங் வணிகரோ, எமது செலவில் அனுப்பினால் பார்க்கலாம் என்று பதில் எழுதினார். ரயர்க் காசு கொடுத்த மாணவன் என்னிடம் வந்து, "சேர், ஓராண்டு உத்தரவாதம் என்று போட்டிருந்ததே, அது யாருடைய உத்தரவாதம்?" என்று கேட்டான். வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

யாருடைய உத்தரவாதம்?

உத்தரவாதம் மூவகைப்படும். உற்பத்தி நிறுவனம் உலகெங்கும் செல்லுபடியாகுமெனத் தருவது ஒன்று. அதே நிறுவனம் ஒரு நாட்டுக்கோ பிராந்தியத்துக்கோ மட்டும் தருவது இன்னொன்று. விற்பவர் தாமே பொறுப்பேற்பது மூன்றாவது. விளம்பரத்திலே மூன்றுக்கும் ஒரே சொல்தான்; பழுது நேர்ந்த பின்னரே வேற்றுமை தெரியும். கமராக்களைப் பொறுத்தவரை இரண்டாம் வகையே பெரும்பாலும் வழக்கம்.

உற்பத்தியாளரின் முகவரைச் சாராது, மலிவாகக் கிடைக்கும் நாட்டிலே வாங்கி வேறு நாட்டில் விற்கும் வாணிகத்தைச் சாம்பல்நிறச் சந்தை என்பர். கள்ளச்சந்தையைப் போல் கறுப்புமன்று, முகவர் வழி வருவதைப்போல் வெள்ளையுமன்று என்பது அதன் பொருள். பொருள் போலியன்று, அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டதே. குறைவது பின்னால் நிற்கும் பொறுப்பு. நிக்கோன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, இவ்வழியில் அந்நாட்டுக்கு வந்த தன் கமராக்களைக் கட்டணம் தந்தாலும் பழுதுபார்ப்பதில்லையென வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. நியூயோர்க் மாநிலத்திலோ, உற்பத்தியாளரின் அமெரிக்க உத்தரவாதம் இல்லாத இத்தகைய பொருளை விற்பவர் அதனை வாங்குவோர்க்கு அறிவித்தல் வேண்டுமென்று சட்டமே உண்டு.

நம் நாட்டிலும் பாவனையாளரைக் காக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும், அதன்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் உள்ளன. ஆயினும் ஹொங்கொங்கிலிருக்கும் வணிகரை இங்கிருந்து விசாரணைக்கு அழைப்பது எங்ஙனம்? சட்டத்தின் கை நீண்டதுதான். கடலைக் கடக்கும் நீளம் அதற்கில்லை.

அங்குசத்தின் கதை

இனித் துணைப்பொருள்களைக் காண்போம். மின்கலம், மின்னேற்றி, தோற்பட்டி, வில்லை மூடி ஆகியவற்றை உற்பத்தியாளர் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகின்றார். சில வணிகர் அவற்றை வெளியே எடுத்துவிட்டு, வெறுங் கமராவின் விலையை மட்டும் விளம்பரஞ் செய்வர். பின்னர் மின்கலத்துக்கு இவ்வளவு, மின்னேற்றிக்கு இவ்வளவு எனத் தனித்தனியே விலை கூறுவர். கூட்டிப் பார்த்தால் உள்ளூர் விலையையும் விஞ்சும்.

மின்னேற்றியில் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். ஒன்று முனையின் வடிவம், மற்றது மின்னழுத்தம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். யப்பானில் 100 வோல்ற். மின்னேற்றியின் அடியில் "100–240 வோல்ற்" என அச்சிட்டிருந்தால் அச்சமில்லை. முனையை மாற்றும் சிறு பொருத்தி போதும். "100 வோல்ற்" என்று மட்டுமிருந்தால் அதனை நம் சுவரில் செருகலாகாது. பொருத்தி முனையை மாற்றுமேயன்றி மின்னழுத்தத்தை மாற்றாது.

மின்கலம் இன்னும் அவதானத்துக்குரியது. இக்காலக் கமராக்களில் உள்ளவை லிதியம் அயன் மின்கலங்கள். அளவுக்கு மீறி மின்னேறாதவாறு தடுக்கும் சிறு மின்சுற்று நல்ல மின்கலத்தினுள் இருக்கும்; மலிவான போலியில் அது இல்லாதொழியலாம். அப்போது மின்கலம் வீங்கும், சூடேறும், தீயும் பற்றும். இவ்வாபத்துக் காரணமாகவே, தனியாகப் பொதிசெய்த லிதியம் அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2016 ஏப்பிரல் முதல் தடைசெய்தது. எனவே, மேலதிக மின்கலத்தைக் கடல் கடந்து வரவழைக்க முயல்வதை விட உள்ளூரிலே வாங்குதல் நன்று.

நினைவட்டையிலும் போலி உண்டு. 64 ஜிகாபைட் என்று வெளியே அச்சிட்டு, உள்ளே அதிற் சிறு பங்கே கொள்ளுமாறு செய்து, கணினியையே ஏமாற்றும் அட்டைகள் உள. புதிய அட்டையை ஒருமுறை முழுவதும் நிரப்பி, பதிந்தவை அனைத்தும் திறக்கின்றனவா எனப் பார்த்த பின்னரே திருமண வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். மொழியையும் கேட்டறிக: யப்பானியச் சந்தைக்கெனச் சோனி நிறுவனம் வெளியிடும் கமராக்கள் பலவற்றிலே யப்பானிய மொழியையன்றி வேறு மொழியைத் தெரிவுசெய்ய இயலாது.

வாங்குமுன் செய்யத்தக்கவை

வெளிநாட்டில் வாங்கவே கூடாதென்பது என் கருத்தன்று. நம்மூர் முகவரிடம் இல்லாத கருவிகளும் உள. ஆனால், முதலில் உள்ளூர் முகவரைக் கேளுங்கள். வெளியே வாங்கிய கருவியைக் கட்டணத்துக்கேனும் பழுதுபார்ப்பாரா என்பதை அறிந்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் இருப்பவை எவையென விற்பவரிடம் எழுத்திலே பெற்று, உற்பத்தியாளர் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். அஞ்சற் செலவு, சுங்கத் தீர்வை, முனைப் பொருத்தி ஆகியவற்றைக் கூட்டிய பின்னரே விலைகளை ஒப்புநோக்குங்கள். பொதியைத் திறக்கும்போதே கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வையுங்கள். குறையிருப்பின் கடனட்டை வழங்கிய வங்கிக்குத் தாமதமின்றி முறையிட அது சான்றாகும். பழுதுபார்க்கத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அனுப்புவதற்கு முன்னரே சுங்கப் பகுதியில் பதிவுசெய்யும் முறையைக் கேட்டறியுங்கள். இன்றேல் திரும்பி வருகையில் புதுப்பொருள் எனக் கருதி மீண்டும் தீர்வை கேட்கக்கூடும்.

எமது கமராவைக் கடைசியிற் கொழும்பிலே ஒரு தனிப்பட்ட திருத்துநர் சீராக்கித் தந்தார். விளையாட்டுப் போட்டி அதற்குள் முடிந்துவிட்டது; அவ்வாண்டுப் படங்கள் கழகத்தின் தொகுப்பில் இல்லை. சுங்கத் தீர்வை, புதிய மின்கலம், தோற்பட்டி, திருத்தக்கூலி எல்லாவற்றையும் கூட்டியபோது, நான் கரும்பலகையில் கழித்துக் காட்டிய இலாபத்தில் ஒரு சதமும் மிஞ்சவில்லை. திருத்தக்கூலியை நான் ஏற்றேன். பிள்ளைகள் வேண்டாமென்றனர், தவறு என்னுடையது என்று சொன்னேன். ஆசிரியன் ஒருவன் வகுப்பின்முன் அதனைச் சொல்லுதல் எளிதன்று. ஆயினும் சொல்லியே தீர வேண்டியிருந்தது.

உத்தரவாதம் என்பது வெறுங் காகிதமன்று. ஒருவர் நமக்குத் தரும் வாக்கு. வாக்குத் தந்தவர் யார், எங்கே இருக்கின்றார், இடர் வந்தால் அவரை அடைய முடியுமா என்று அறியாமல் வாங்கும் பொருளுக்கு விலை எவ்வளவு குறைந்தாலும் அது மலிவாகாது. இவ்வாண்டு முக்காலி வாங்கப் பணஞ் சேர்க்கும் எம் மாணவர்கள், விலையைக் கேட்பதற்கு முன்னரே "யாருடைய உத்தரவாதம்?" என்று கேட்கின்றார்கள்.