பச்சை குத்திய தோல் ஆறுவது எப்படி?

மாணவர்களே, சரவாக்கின் இபான் ஆடவர்களின் தோள்களில் கத்தரிப்பூ வடிவில் கரிய பச்சையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அக்காலத்தில் புகைக்கரியே அதற்கு மை. இன்றைய கறுப்பு மையிலும் பெரும்பாலும் கரித்துகள்தான் உள்ளது.

நம் மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிறது. பச்சை மட்டும் ஏன் அழிவதில்லை? ஊசி மையை மேல்தோலுக்குக் கீழுள்ள உள்தோலில் சேர்க்கிறது. அந்நியப் பொருள் வந்துவிட்டதென்று மேக்ரோஃபேஜ் எனும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அதை விழுங்குகின்றன. ஆனால், கரியைச் செரிக்க அவற்றால் முடியாது. ஓர் உயிரணு இறந்தால், அது விட்ட மையை மற்றொன்று விழுங்கிக்கொள்கிறது. பிரான்சு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் இதைக் கண்டனர்.

கை முழுவதையும் கறுப்பாக நிரப்பும்போது ஊசி ஒரே இடத்தில் பலமுறை பாய்கிறது. ஆகவே, அது ஓர் அகன்ற காயம். முதல் சில நாள்கள் வீங்கி நீர் கசியும். பிறகு பொருக்குக் கட்டி உரியும். மேற்பரப்பு ஆற 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். உள்ளே ஆற இன்னும் நாளாகும். அதுவரை, சுத்தமான கைகளால் மிதமான சவர்க்காரமிட்டுக் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். பொருக்கைப் பிய்த்தால் நிறம் திட்டுத் திட்டாக விடுபடும், தழும்பும் விழலாம். நீச்சல்குளமும் கடும் வெயிலும் கூடாது.

இன்னொன்று: கறுப்பின்மேல் சிவப்பு தெரியாது. எனவே, வீட்டில் யாரேனும் இப்படிப் பச்சை குத்தியிருந்தால் ஓரங்களைக் கவனியுங்கள். சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.