வரைபடத்தில் நகரும் புள்ளி

காட்டுப் பாதையில் ஒரு ஜீப் போய்க்கொண்டிருக்கிறது. முன்னிருக்கையில் இருப்பவரின் மடியில் ஒரு கணினி. அதன் திரையில் அந்தக் காட்டின் வரைபடம். வரைபடத்தின் மேல் ஒரு சிறு புள்ளி. ஜீப் திரும்பினால் புள்ளியும் திரும்புகிறது. ஜீப் நின்றால் புள்ளியும் நிற்கிறது. முன்கண்ணாடியின் அடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்று இருக்கிறது. அதற்கும் கணினிக்கும் இடையே கம்பி எதுவும் இல்லை. அப்படியானால் புள்ளியை நகர்த்துவது எது?

மாணவர்களே, கைப்பேசியில் இத்தகைய புள்ளியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அங்கே வாங்கி, கணினி, வரைபடம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. ஜி.பி.எஸ். வாங்கியைத் தனியாகவும் கணினியைத் தனியாகவும் வைத்து, இரண்டையும் நாமே இணைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். நில அளவையாளர்கள் இன்றும் துல்லியமான வாங்கிகளை இப்படித்தான் கம்பியின்றி இணைத்துப் பயன்படுத்துகிறார்கள். வாருங்கள், நாமும் இணைத்துப் பார்ப்போம்.

வானத்தில் சுற்றும் கடிகாரங்கள்

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பூமியை ஒரு முறை சுற்றிவிடும். எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் போதிய எண்ணிக்கை வானில் இருக்க வேண்டும் என்பதற்காக, ஆறு பாதைகளில் குறைந்தது 24 கோள்கள் இருக்குமாறு இந்த அமைப்பு திட்டமிடப்பட்டது.

ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்ன கோள், இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது" என்று அது ரேடியோ அலை மூலம் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து நம்மை வந்தடைய அதற்கு ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கொண்டு, கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று வாங்கி கணக்கிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கோளில் இருப்பது அணுக்கடிகாரம். நம் வாங்கியில் இருப்பதோ சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். இதற்கு என்ன வழி? நீங்கள் வகுப்பில் படிக்கும் சமன்பாடுதான் வழி. வாங்கிக்குத் தெரியாதவை நான்கு: இடத்தைக் குறிக்கும் மூன்று எண்கள், தன் கடிகாரத்தின் பிழை ஒன்று. தெரியாதவை நான்கு என்றால் சமன்பாடுகளும் நான்கு வேண்டும். ஆகவே நான்கு கோள்களின் குரல் கேட்டால் போதும். இடமும் கிடைக்கும், சரியான நேரமும் கிடைக்கும்.

கருவி எழுதும் வாக்கியம்

இவ்வாறு கண்டறிந்த இடத்தை வாங்கி எப்படிக் கணினிக்குச் சொல்கிறது? படம் எதையும் அது அனுப்புவதில்லை. ஒரு வரி எழுதி அனுப்புகிறது, அவ்வளவுதான். கப்பல்களில் பயன்படும் மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 'என்.எம்.இ.ஏ. 0183' என்னும் விதிமுறைப்படி அந்த வரி அமைகிறது. தஞ்சைப் பெரிய கோயில் அருகே ஒரு வாங்கியை வைத்தால், அது எழுதும் வரியின் முற்பகுதி இப்படி இருக்கும். ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் தந்திருக்கிறோம்.

$ஜிபிஜிஜிஏ,063010,1046.968,என்,07907.908,இ,1,08

காற்புள்ளிகளுக்கு இடையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் படிப்போம். முதலில் வருவது வாக்கியத்தின் பெயர். அடுத்து நேரம்: 6 மணி 30 நிமிடம் 10 வினாடி. இது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம் நண்பகல் 12 மணி 10 வினாடி என்று கிடைக்கும். பிறகு வருபவை அட்சரேகையும் தீர்க்கரேகையும். 'என்' என்பது வடக்கு. 'இ' என்பது கிழக்கு. அடுத்துள்ள 1 என்பது மிக முக்கியமானது. அது 'இடம் கிடைத்துவிட்டது' என்பதற்கு அடையாளம். அங்கே 0 இருந்தால் இடம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். கடைசியில் உள்ள 08, கணக்கில் சேர்ந்த கோள்களின் எண்ணிக்கை.

வரியின் முடிவில் நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்துகளும் இருக்கும். அவை ஒரு காவலாளியைப் போன்றவை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களை இரும முறையில் எழுதி ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. இப்படியே வரி முழுவதையும் சுருக்கினால் ஒரே ஓர் எண் மிஞ்சும். அதைத்தான் வாங்கி கடைசியில் எழுதுகிறது. கணினியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால், வழியில் ஏதோ எழுத்து கெட்டுவிட்டது என்று அறிந்து அந்த வரியைத் தள்ளிவிடும்.

கம்பியில்லாத கம்பி

முற்காலத்தில் இந்த வரி ஒரு கம்பி வழியாகக் கணினியின் தொடர்வரிசைத் துளைக்குள் சென்றது. வேகம் வினாடிக்கு 4800 பிட். ஓர் எழுத்தை அனுப்ப 10 பிட் வேண்டும் என்பதால் வினாடிக்கு 480 எழுத்துகள் செல்லும். ஒரு வரியில் 82 எழுத்துகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஆக, முழு நீள வரிகள் ஐந்து ஒரு வினாடிக்குள் போய்விடும். நடந்து போகிறவருக்கும் ஜீப்பில் போகிறவருக்கும் இதுவே தாராளம்.

பின்னர் கம்பியின் இடத்தைப் புளூடூத் பிடித்தது. டென்மார்க்கைப் பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட 'நீலப்பல்' ஹரால்டு என்ற அரசரின் பெயரைத் தாங்கிய முறை இது. கருவியும் கணினியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசிக்கொள்கின்றன. பிறர் பேச்சு குறுக்கிடாமல் இருக்க, வினாடிக்கு 1600 முறை இரண்டும் சேர்ந்தே அலைவரிசையை மாற்றிக்கொள்கின்றன. ஆனால் கணினியில் உள்ள வரைபட மென்பொருளுக்கு இது எதுவும் தெரியாது. பழைய கம்பி இன்னும் செருகப்பட்டிருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும்படி, புளூடூத் ஒரு கற்பனைத் துளையை உண்டாக்கிக் கொடுக்கிறது. பழைய மென்பொருள்களும் இந்தக் கருவிகளோடு இணைந்து வேலை செய்வதற்கு இந்தத் தந்திரமே காரணம்.

இணைக்கும் முறையைப் பார்ப்போமா?

1. வாங்கியை முதலில் திறந்த வானத்தின் கீழ் வையுங்கள். கோள்கள் தங்கள் இருப்பிட விவரத்தை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஆகவே முதல் முறை சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

2. கணினியில் புளூடூத்தைத் திறந்து வாங்கியுடன் உறவு ஏற்படுத்துங்கள. கேட்கப்படும் கடவு எண் பழைய கருவிகளில் பெரும்பாலும் 0000 அல்லது 1234.

3. கணினி ஏற்படுத்திய கற்பனைத் துளைக்கு 'காம் 5' என்பது போல ஒரு பெயர் இருக்கும். வெளிச்செல்லும் துளை, உள்வரும் துளை என இரண்டு தென்பட்டால் வெளிச்செல்லும் துளையைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்பைத் தொடங்குவது கணினி அல்லவா?

4. வரைபட மென்பொருளில் அந்தத் துளையைத் தேர்ந்தெடுங்கள். 2002இல் தொடங்கப்பட்ட 'கியூஜிஐஎஸ்' என்னும் இலவச மென்பொருளில் இந்த வசதி உண்டு. ஒரு துளையை ஒரு சமயத்தில் ஒரு மென்பொருளே பயன்படுத்த முடியும். வேறு ஏதேனும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை மூடிவிடுங்கள்.

இப்போது புள்ளி தோன்றிவிடும். வேலை முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்திருக்கிறது.

புள்ளி பொய் சொல்லும் இரண்டு இடங்கள்

தஞ்சை வாக்கியத்தை மறுபடியும் பாருங்கள். 1046.968 என்பதன் பொருள் என்ன? முதல் இரண்டு இலக்கங்கள் டிகிரி. மீதி நிமிடம். அதாவது 10 டிகிரி 46.968 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 46.968ஐ 60ஆல் வகுக்க வேண்டும். அப்போது 10.7828 டிகிரி என்று வரும். இதை மறந்து, புள்ளியை மட்டும் நகர்த்தி 10.46968 டிகிரி என்று ஒருவர் எழுதிவிட்டால்? வேறுபாடு 0.313 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். பெரிய கோயில் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்! காவலாளி எழுத்துகள் இந்தத் தவற்றைப் பிடிக்கமாட்டா. ஏனெனில் எழுத்து எதுவும் கெடவில்லை, படித்தவிதம்தான் கெட்டது.

இரண்டாவது பொய் இன்னும் நுட்பமானது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூமியின் வடிவத்தை வைத்துக் கணக்கிடப்படுபவை. பூமி சரியான உருண்டை அல்ல என்பது நீங்கள் அறிந்ததே. எந்த வடிவத்தை எடுத்துக்கொள்வது? 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் நடுக்கோட்டு ஆரத்தை 6,377 கிலோமீட்டர் 276 மீட்டர் என்று கணித்தார். நம் நாட்டின் பழைய நில வரைபடங்கள் அந்தக் கணக்கில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் 1984ஆம் ஆண்டு உலகக் கணக்கிலோ ஆரம் 6,378 கிலோமீட்டர் 137 மீட்டர். ஆகவே பழைய வரைபடத்தை அப்படியே கணினியில் ஏற்றி, அதன் மேல் ஜி.பி.எஸ். புள்ளியை வைத்தால், புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். ஆற்றின் இக்கரையில் நிற்பவர் அக்கரையில் நிற்பதாகத் தோன்றும்! வாங்கியும் பிழை செய்யவில்லை, வரைபடமும் பிழை செய்யவில்லை. இரண்டும் வேறுவேறு பூமிகளைப் பற்றிப் பேசுகின்றன. வரைபடம் எந்தக் கணக்கில் வரையப்பட்டது என்று மென்பொருளுக்கு நாம் சொன்னால், அது மாற்றிக்கொள்ளும்.

கேட்கப்படாத கருவி

"சிறு பிழைதானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்கிறீர்களா? 1983 செப்டம்பர் 1 அன்று நடந்ததைக் கேளுங்கள். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து சியோலுக்குப் புறப்பட்ட தென் கொரியப் பயணிகள் விமானம் 007, தன் பாதையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் விலகிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்தது. சகாலின் தீவருகே போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர்.

விமானம் ஏன் விலகியது? அக்காலத்தில் பயணிகள் விமானங்களுக்கு ஜி.பி.எஸ். கிடையாது. ஆனால் தன் இயக்கத்தைத் தானே அளந்து இடத்தைக் கணக்கிடும் வழிகாட்டிக் கருவிகள் அந்த விமானத்தில் இருந்தன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993இல் வெளியிட்ட ஆய்வறிக்கை காரணத்தைக் கூறியது. விமானத்தைத் தானாகச் செலுத்தும் கருவி வழிகாட்டிக் கருவியின் பேச்சைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. காந்த ஊசி காட்டிய ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கருவிகளும் இணைந்திருப்பதாக விமானிகள் நம்பினார்கள். இணைந்திருக்கவில்லை என்பதை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்த நிகழ்ச்சிக்குப் பின், அதே மாதத்திலேயே, ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் உலக மக்கள் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்த பிழையும் 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. 2013 ஜூலை 1 அன்று இந்தியாவும் தன் சொந்த வழிகாட்டிக் கோள்களில் முதலாவதை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தியது. இன்று ஆம்புலன்சும் மீட்புப் படகும் புள்ளியைப் பார்த்தே விரைகின்றன. புள்ளி தவறினால் உதவியும் தவறிய இடத்துக்கே போய்ச் சேரும்.

நீங்களே சோதியுங்கள்

புதிதாக ஒரு கருவியை இணைத்ததும், உங்களுக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்துக்கு அதைக் கொண்டுபோங்கள். பள்ளி வாசல், ஊர்க் கிணறு, தேர்முட்டி எதுவாகவும் இருக்கலாம். புள்ளி அங்கே விழுகிறதா என்று பாருங்கள். பிறகு நூறு அடி நடந்து, புள்ளியும் அதே அளவு, அதே திசையில் நகர்கிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் சரியாக இருந்தால் தெரியாத இடத்திலும் அந்தப் புள்ளியை நம்பிப் போகலாம்.

முடிவாக ஒரு கணக்கு. கன்னியாகுமரிக் கரையில் ஒருவர் நிற்கிறார். அவருடைய வாங்கி 0805.3 வடக்கு, 07732.3 கிழக்கு என்று எழுதுகிறது. இதைச் சரியாக டிகிரிக்கு மாற்றுங்கள். பிறகு தவறாக 8.053, 77.323 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிகளையும் தமிழ்நாட்டு வரைபடத்தில் குறியுங்கள். இரண்டாவது புள்ளியில் நிற்பவருக்குக் கால் நனையுமா, நனையாதா? கண்டுபிடித்து வகுப்பில் சொல்லுங்கள்.