கட்டாயச் சங்க உறுப்பினர் முறை: ஹெப்பகோடி எழுப்பும் கேள்வி

2016 ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலையை நிறுத்திவிட்டுச் சாலைகளில் இறங்கினர். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க இயலாது என்ற புதிய விதியே காரணம். சில ஆண்டுகளிலேயே தையல் வேலையை விட நேரும் பெண்ணுக்கு அத்தொகையே கைமுதல். இரண்டாம் நாள் ஓசூர் சாலையிலுள்ள ஹெப்பகோடியில் காவல் நிலைய வாகனங்கள் தீக்கிரையாயின. அன்றே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. போராட்டத்துக்கு எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. ஆகவே, எவரை அழைத்துப் பேசுவது என்பதும் தெளிவாக இல்லை.

இத்தகைய நிலைக்கு ஒரு மருந்தாகச் சொல்லப்படுவது கட்டாய உறுப்பினர் முறை. சங்கம் பெற்றுத்தரும் ஊதிய உயர்வை உறுப்பினரல்லாதோரும் அனுபவிக்கின்றனர். சந்தாவும் இன்னலும் மட்டும் சிலருக்கே என்பது நியாயமா? வாதம் வலுவானதே. ஆயினும் 1969-இல் அறிக்கை அளித்த முதல் தேசியத் தொழிலாளர் ஆணைக்குழு, உறுப்பினருக்கே வேலை என்னும் ஏற்பாடு நடைமுறைக்கும் ஒவ்வாது, அரசியல் சட்டம் அளிக்கும் சங்கம் சேரும் உரிமைக்கும் முரணானது என்று கருதியது. அமெரிக்கா 1947-லேயே அதைத் தடை செய்தது. சங்கத்தில் சேர மறுத்து வேலையிழந்த மூன்று பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர்களுக்குச் சாதகமாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் எவரையும் சேரக் கட்டாயப்படுத்தவில்லை. பல சங்கங்கள் உள்ள இடத்தில், வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கமே பேச்சு நடத்தும். எதற்கும் அந்த அளவு இல்லையெனில், 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி வீதம் குழு அமையும். ஆட்கள் ஓயாது மாறும் ஆடை ஆலையில் இந்த அளவை எட்டுவது எளிதன்று. சம்பளத்தில் சந்தா பிடித்தம் செய்து உறுப்பினரை எண்ணலாம் என்பர். ஆனால், அப்பட்டியல் முதலில் சேருவது நிர்வாகத்தின் கைக்குத்தான். வேலை பறிபோகுமோ என்று அஞ்சுபவர் அதில் பெயர் தருவாரா? 1995-இல் இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இரகசிய வாக்கெடுப்பு முறையில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. அதில் வாக்களிக்கச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஊழியர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.