வேலிக்கு உள்ளே யார் காவல்?

நம் பண்டார் தெங்காராத் தோட்டங்களில் வாசலில் நிற்கும் ஜாகாவின் அதிகாரம் எதுவரை? வேலிவரைதான். வெளியே திருட்டு நடந்தால் அது போலீசாரின் வேலை. அந்நிய நாட்டுப் படை தங்கும் தளத்திலும் இதே கேள்வி எழுகிறது.

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் விமானத் தளத்தை 1958 முதல் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படை நடத்தியது. 1968இல் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் மீண்டும் ஆயுதம் ஏந்தினர். அங்கு நின்ற மிராஜ் போர் விமானங்களுக்குக் கூடுதல் காவல் தேவைப்பட்டது. ஆகவே 1970இன் பிற்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியக் காலாட்படைக் கம்பெனி ஒன்று, சுமார் மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஆள் மாறி, அங்கே காவல் காத்தது. அபாய அறிவிப்பு வந்தால் உடனே ஓட ஒரு சிறு குழு இரவும் பகலும் ஆயத்தமாக இருக்கும்.

ஆனால், வேலிக்கு வெளியே கலவரம் மூண்டால் அவர்கள் தலையிடக் கூடாது. 1957இல் சுதந்திரம் பெற்ற நாடல்லவா இது! தெருவில் ஒழுங்கு காப்பது நம் போலீசாரின் பொறுப்பு. இதைச் சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். 1969 மே கலவரத்தின் சூடு ஆறாத காலம் அது. அந்நியச் சிப்பாய் ஒருவன் நம் ஊர்க் கூட்டத்தை நோக்கிச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1988இல் தளத்தின் நிர்வாகம் மலேசிய விமானப்படையிடம் வந்தது. அந்தக் கம்பெனி இன்றும் வருகிறது. இப்போது முக்கியமாகப் பயிற்சிக்காக.