பொய்க்கும் மழையும் பிழைக்கும் விதைகளும்

மழை ஒழுங்காகப் பெய்தால் செடிவகைகள் பெருகும், தாறுமாறாகப் பெய்தால் அருகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். வறண்ட நிலங்களில் இது பாதி உண்மைதான். அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகரை ஒட்டிய டுமமாக் குன்றில் 1903-இல் பாலைவன ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. 1907 வாக்கில் வேலியிட்டு மேய்ச்சலையும் நிறுத்தினார்கள். அங்கே 1982 முதல் சூழலியலாளர் லாரன்ஸ் வெனபிள், குளிர்கால மழைக்கு முளைத்து ஒரே பருவத்தில் மடியும் சிறு செடிகளை ஆண்டுதோறும் எண்ணிவந்தார். ஒரே ஈரத்துக்குப் போட்டியிடும் பல இனங்கள் ஒன்றையொன்று ஒழிக்காமல் இருக்க, மழையின் ஏற்ற இறக்கமே துணைநிற்கிறது என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு மழைக்கு எல்லா விதைகளும் முளைப்பதில்லை. ஒரு பகுதி உறங்கியே கிடக்கும். விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும் இனங்களே குறைவாக முளைக்கின்றன என்று வெனபிள் 2007-இல் எழுதினார். வேகமாக வளரும் செடிகள் ஈரமான ஆண்டில் முந்துகின்றன, நீரைச் சிக்கனமாகச் செலவிடுபவை வறண்ட ஆண்டில் தாக்குப்பிடிக்கின்றன. இரண்டு திறமும் ஒரே செடிக்கு வாய்ப்பதில்லை. ஆகவே ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நல்ல ஆண்டு வருகிறது, அப்போது சேர்ந்த விதை கெட்ட ஆண்டுகளைக் கடத்துகிறது. சூழலியலாளர் பீட்டர் செஸ்ஸன் இதைச் சேமிப்பு விளைவு என்றார். இது ஒரு பருவச் செடிகளுக்கு மட்டும்தானே என்று கேட்கலாம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹேஸ் ஊரருகே 1932 முதல் 1972 வரை வரைந்த புல்வெளி வரைபடங்களை ஆராய்ந்தபோது, பல்லாண்டு வாழும் மூன்று புல்லினங்களிடமும் இதே போக்கு தெரிந்தது.

அப்படியானால் பருவநிலை எவ்வளவு குழம்பினாலும் நல்லதா? இல்லை. ஏறி இறங்குவது வேறு, ஒரே பக்கமாகச் சரிவது வேறு. டுமமாக்கில் வெப்பம் கூடியபோதும் குளிர்விரும்பிச் செடிகளே பெருகின. முளைக்கவைக்கும் மழை தாமதமாகி, குளிர் மிகுந்த நாட்களில் பெய்யத் தொடங்கியதே காரணம். சராசரி வெப்பத்தை மட்டும் பார்த்தவர்கள் இதற்கு நேர்மாறாகத்தான் கணித்திருப்பார்கள். விதைக்கும் ஆயுள் உண்டு என்பதால், வறட்சி அதையும் தாண்டி நீண்டால் சேமிப்பு தீர்ந்துவிடும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பஞ்சம் முடிந்த முதல் மழைக்கே மந்தையை இறக்கிவிடும் மேய்ச்சல் நிலங்களைப் பற்றியது. விதை கொட்டுமுன் செடி மேயப்பட்டால், முளைத்த விதைகளும் போயின, அவற்றின் இடத்துக்குப் புது விதையும் சேரவில்லை. நல்ல ஆண்டே அந்த இனத்துக்கு நட்டத்தில் முடிகிறது.