கீழாநெல்லி என்பது எந்தச் செடி?



மஞ்சள் காமாலையோடு வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்களிடம், "இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கீழாநெல்லியை அரைத்து மோரிலே கலந்து கொடுத்தோம், ஐயா." நம்மைத் தாங்குகிற நண்பர்களும் சிலர், "அதை நம்பலாமா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் சொல்லுமுன் இன்னொரு கேள்விக்குப் பதில் வேண்டும். அவர்கள் அரைத்தது எந்தச் செடி?

இது விதண்டாவாதம் அல்ல. வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும், ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில், காம்பின் அடிப்பக்கத்தில் கடுகு போன்ற காய்களை வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் செடிகள் பல இனங்கள் உண்டு. எல்லாவற்றையும் நாம் கீழாநெல்லி என்றே பிடுங்குகிறோம். நாம் மட்டுமா? உலகம் மெச்சிய தாவர நூல்களே இதில் நூற்றாண்டுக்கு மேல் தடுமாறியிருக்கின்றன.

கொச்சியில் டச்சுக்காரரின் அதிகாரியாயிருந்த வான் ரீடு என்பவர் மலையாளக் கரையின் செடிகளை 12 பாகங்களில் வெளியிட்டார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த "ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்" நூலுக்குச் செடிகளின் குணங்களை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். அதன் 10ஆம் பாகத்தில் "கிர்கனெலி" என்ற பெயரில் நம் செடி படத்தோடு இருக்கிறது. பெயரைக் கேட்டாலே நமக்குப் புரிந்துவிடுகிறது.

பிறகு ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, பில்லாந்தஸ் நிரூரி என்றொரு பெயரை வைத்தார். சிக்கல் அங்கேதான் தொடங்கிற்று. அந்தப் பெயர் உண்மையில் உரியது அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றுக்கே என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் அதற்குள் நம் ஊர்க் கீழாநெல்லிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜோசப் ஹூக்கர் 1872 முதல் 1897 வரை 7 பாகங்களாக வெளியிட்ட பிரிட்டிஷ் இந்தியாவின் தாவர நூலிலும் அப்படியே இடம்பெற்றது. மருந்து நூல்கள் அதைப் பார்த்து எழுதின. பள்ளிப் பாடநூல்கள் மருந்து நூல்களைப் பார்த்து எழுதின.

இதற்கிடையில் நம் தமிழ்க் கரையில் ஒரு மிஷன் வைத்தியர் செய்த வேலையைச் சொல்லவேண்டும். 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பவர் லின்னேயஸிடம் பயின்றவர். செடிகளைச் சேகரிக்கும் பழக்கத்தை அவர் அங்கே விதைத்தார். ஜான், ராட்லர் போன்ற மிஷனெரிகள் அதைத் தொடர்ந்தார்கள். அந்தத் தரங்கம்பாடியிலேயே 1766இல் பிறந்து, ஐரோப்பாவில் மருத்துவம் படித்துத் திரும்பி, மிஷன் மருத்துவராகப் பணிசெய்து 1821இல் மறைந்தவர் யோஹான் கிளைன். பிள்ளைப் பருவத்திலேயே இந்தச் செடிகளைத் தாண்டி விளையாடியிருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிரியம்.

கிளைன் செடிகளைப் பறித்து, தாள்களுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, பெர்லினிலிருந்த வில்டெனோவ் என்ற தாவர அறிஞருக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று கீழாநெல்லி போன்ற ஒரு சிறு செடி. கிளைன் வைத்த பெயரோடு வில்டெனோவ் அதை 1805இல் நூலில் ஏற்றினார்: பில்லாந்தஸ் டெபிலிஸ். "டெபிலிஸ்" என்றால் மெலிந்தது என்று பொருள்.

காய்ந்த சருகை ஏன் இப்படிப் பாதுகாக்கவேண்டும்? "இலை நீளவட்டம், பூ சிறியது" என்று நூலில் எழுதினால் அது நூறு செடிகளுக்குப் பொருந்தும். எழுதியவர் எந்தச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினாரோ அந்தச் செடியே தாளில் ஒட்டி இருந்தால், இருநூறு வருஷம் கழித்தும் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் சரிபார்த்துவிடலாம். 1943இல் குண்டுவீச்சில் பெர்லின் தாவரக் காட்சியகம் எரிந்தபோது ஏராளமான தாள்கள் சாம்பலாயின. வில்டெனோவின் சேகரிப்பு மட்டும் வேறிடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்ததால் தப்பிற்று.

1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரு இந்திய அறிஞர்கள் இப்படிப்பட்ட தாள்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஹூக்கரின் நூல் ஒரே செடியாகச் சொன்னது மூன்று செடிகள் என்று காட்டினார்கள். ஒன்று பில்லாந்தஸ் அமாரஸ். கசப்பானது என்று பொருள். அதன் பூவில் பெரும்பாலும் ஐந்து இதழ்கள். மற்றொன்று ஃபிரட்டெர்னஸ், அதாவது சகோதரச் செடி. பொருத்தமான பெயர்தான்! மூன்றாவது, நம் கிளைன் பெயரிட்ட டெபிலிஸ். இவை இரண்டுக்கும் ஆறு இதழ்கள். பூவோ கடுகளவுகூட இல்லை. வெறுங்கண்ணால் எண்ணுவது கடினம்.

இதனால் நோயாளிக்கு என்ன? 1987இல், ஹெபடைடிஸ் பி கிருமியின்மேல் கீழாநெல்லிச் சாறு வேலை செய்கிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர், அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க். அதில் செடியின் பெயர் நிரூரி. மறு வருஷமே சென்னையில் தியாகராஜன் குழுவினர் அவரோடு சேர்ந்து நடத்திய சோதனை "லான்செட்" இதழில் வெளியானது. அதில் செடியின் பெயர் அமாரஸ்! மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெறும் தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் முழுவதும் பரபரப்பு. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எந்தச் செடி, எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது பறித்தது என்ற விவாதம் பின்னும் தொடர்ந்தது. பின்வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், இது குணமாக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள்.

ஆகவே நண்பர்களுக்கு என் பதில் இது. தண்ணீரால் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். அதில் பெரிய நஷ்டமில்லை. பித்தநாளத்தில் கல் அடைத்து வரும் காமாலையும், எலிக்காய்ச்சலில் வரும் காமாலையும் அப்படி இறங்காது. அவர்கள் மோரை நம்பி மூன்று வாரம் கழித்து வரும்போதுதான் எங்கள் கை கட்டப்பட்டுப்போகிறது. கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும்.

ஏற்கெனவே பச்சிலை கொடுத்திருந்தால் அதை மறைக்கவேண்டாம், யாரும் கோபிக்கமாட்டோம். அதே செடியில் ஒன்றை வேரோடும் காயோடும் பிடுங்கி, பழைய செய்தித்தாளுக்குள் மடித்து, பறித்த இடத்தை ஓரத்தில் எழுதி, நோயாளியோடு கொண்டுவாருங்கள்.